ஒளிர்வதெல்லாம் பி65 அல்ல

ஆய்வகத்தில் என் முதல் வருடம். நுண்ணோக்கியில் செல்லின் உட்கரு பச்சையாக ஒளிர்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பி65 உள்ளே போய்விட்டது!

டிஎன்ஏ-வில் ஒட்டி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி புரதத்தின் ஒரு துணை அலகுதான் பி65. 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் என்எஃப்-கப்பா-பி-யைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? ஆன்டிபாடியின் கப்பா சங்கிலிக்கான மரபணுவில். இன்று அதையே ஆன்டிபாடி வைத்துத் தேடுகிறோம்.

செல் சும்மா இருக்கும்போது ஐகப்பாபி என்ற புரதம் பி65-ஐ உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். அழற்சி சமிக்ஞை வந்தால் பிடி விட்டுப்போகும். பி65 உள்ளே ஓடும். ஆக, அது எங்கே இருக்கு என்பதுதான் கேள்வியே.

சிக்கல் என்னன்னா, ஆன்டிபாடி அடையாளம் காண்பது புரதத்தின் ஒரு சின்னப் பகுதியை மட்டும்தான். அதே சாயல் வேறு புரதத்தில் இருந்தால் அங்கேயும் போய் ஒட்டும்.

சீனியர் அக்கா ஒருத்தர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பி65 மரபணுவை நீக்கின செல்லுல போட்டுப் பாத்தியா?"

போட்டேன். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது. மூன்று மாதப் படங்கள் குப்பைக்குப் போயின.

இப்போதெல்லாம் புதுக் குப்பி வந்தால் முதலில் வெஸ்டர்ன் பிளாட். 65 கிலோடால்டன் பக்கத்தில் பட்டை தெரியணும்; மரபணு நீக்கிய செல்லில் அது மறையணும். அதில் தேறினாலும் நுண்ணோக்கிக்குத் தனிச் சோதனை உண்டு. பிளாட்டில் புரதம் பிரிந்து கிடக்கும், செல்லில் மடிந்திருக்கும். லாட் எண் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

அலுப்புதான். ஆனால் பொய்யான பச்சையை நம்பி ஒரு கட்டுரை எழுதுவதைவிட இது மேல்.