மனச்சிதைவு நோய்

மனச்சிதைவு நோய் என்பது ஒருவரின் சிந்தனை, உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றைப் பாதிக்கும் தீவிரமான மனநோய் ஆகும். உளச்சிதைவு என்றும் இதனைக் குறிப்பிடுவர். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் இதற்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ எனப் பெயரிட்டார். ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் இருப்பதாகத் திரைப்படங்களில் காட்டப்படும் நிலை இதுவன்று.

அறிகுறிகள்

யாரும் பேசாதபோது குரல்கள் கேட்பது, தன்னை யாரோ கண்காணிப்பதாகவோ உணவில் நஞ்சு கலப்பதாகவோ உறுதியாக நம்புவது, தொடர்பின்றிப் பேசுவது ஆகியவை எளிதில் தெரியும் அறிகுறிகள். பேச்சு குறைவது, குளிக்காமல் இருப்பது, ஒதுங்கிக் கிடப்பது ஆகியவையும் நோயின் அறிகுறிகளே. இவற்றைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ குடும்பத்தினர் தவறாக எண்ணுவதுண்டு.

காரணமும் மருத்துவமும்

மரபணுக்கள், மூளையின் வேதிமாற்றங்கள், சூழல் ஆகியவை சேர்ந்து இந்நோயை உண்டாக்குகின்றன. கஞ்சாப் பழக்கம் அபாயத்தைக் கூட்டுகிறது. பேயோ, செய்வினையோ, தாயின் வளர்ப்போ இதற்குக் காரணமன்று. 1950களில் குளோர்புரோமசின் மருந்து வந்தபின் மருத்துவம் பெரிதும் மாறியது. உடல்நிலை தேறியதும் மருந்தைத் தாமாக நிறுத்துவதே நோய் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம். எடை கூடுதல், நடுக்கம் போன்ற பக்கவிளைவுகள் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம்.

குடும்பத்தின் பங்கு

‘அப்படி ஒரு குரலே இல்லை’ என்று வாதாடுவதால் பயனில்லை. ‘எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருப்பது புரிகிறது’ என்று சொல்வது நம்பிக்கையை வளர்க்கும். ஓயாமல் குறைகூறும் வீடுகளில் நோய் மீள்வது அதிகம் என்பதை இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. சிறு வேலைகளைப் பகிர்ந்தளிப்பதும், பராமரிப்பவர் தமக்கும் ஓய்வு தேடிக்கொள்வதும் அவசியம். சாக வேண்டும் என்று நோயாளி பேசினால் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

சட்டமும் உதவியும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் சிகிச்சையுடன் மறுவாழ்வுப் பயிற்சியும் அளிக்கிறது. இந்தியாவில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். முறையான மருத்துவமும் துணையும் கிடைத்தால் பலர் படிப்பு, வேலை, குடும்ப வாழ்வு ஆகியவற்றைத் தொடர்கின்றனர்.