பெட்ரோலா, டீசலா? – 6: பினாங்கு நெருப்பு

போன வாரம் விலைக் கதை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் டீசல் காரின் பழைய லாபக் கணக்கு ஆட்டம் கண்டது என்பதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம், கைமாறி வரும் டீசல் காரை நம்பி வாங்கலாமா என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு சங்கதி கையில் சிக்கிவிட்டது. அதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

சைக்கிளுக்குக் காற்றடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பாகம் சுடும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு கையாலும் நாற்பது ஐம்பது தடவை அமுக்கிவிட்டு, டியூப் வந்து சேரும் இடத்தைத் தொட்டால் விரலைச் சுரீரென்று இழுத்துக்கொள்வோம். உராய்கிற சூடு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். உராய்வுக்கு அதில் சின்னப் பங்குதான். இடமில்லாமல் நெருக்கப்படுகிற காற்று தானாகவே சூடேறும்.

மலாயா, சுமத்ரா, பர்மா, பிலிப்பைன்ஸ் மக்கள் இதை வைத்தே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு சாணுக்கும் குறைவான குழாய். மூங்கிலாக இருக்கும், மரமாக இருக்கும், எருமைக் கொம்பாகவும் இருக்கும். ஒரு முனை அடைப்பு. அதற்குள் இம்மியும் காற்றுக் கசியாமல் இறங்கும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் சின்னக் குழி. குழியில் எளிதில் பற்றும் பஞ்சைத் திணித்து, தண்டைக் குழாயில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி. சட்டென்று வெளியே இழுத்தால் பஞ்சில் கங்கு கனிந்திருக்கும். தீக்குச்சி வேண்டாம், சிக்கிமுக்கிக் கல் வேண்டாம்.

ஜெர்மானியப் பேராசிரியர் கார்ல் வான் லிண்டே பினாங்கு போனபோது அவருக்கு இப்படியொரு குழாய் கிடைத்தது என்றும், ஊர் திரும்பி மூனிக்கில் அதைத் தட்டிக் காட்டியபோது பார்த்திருந்தவர்களில் அவருடைய மாணவர் ருடால்ஃப் டீசலும் ஒருவர் என்றும் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கதை எப்படியிருந்தாலும், டீசல் லிண்டேயிடம் படித்தவர், பிறகு அவருடைய குளிரூட்டும் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை. 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய இன்ஜின் சோதனையில் தேறியது. எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை உழைப்பாக மாற்றிக் காட்டியது. அந்தக் கால நீராவி இன்ஜின்களுக்கு அதில் பாதியை எட்டுவதே பெரும்பாடு.

பினாங்கு என்ற பெயரைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் எத்தனை குடும்பங்களில் பாட்டனாரோ பூட்டனாரோ பினாங்குக்குக் கப்பலேறியவர்கள்! அந்தக் குழாயைச் சந்தையில் பார்த்த நம் ஊர்க்காரர் ஒருவராவது இருந்திருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

டீசல் இன்ஜினுக்குள் இன்றும் நடப்பது அந்தக் குழாயின் வேலைதான். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டித் தீ வைக்கிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சூட்டினால் பிழைக்கிற இன்ஜின் அது. இத்தனை வாரமாக மைலேஜ், விலை என்று பேசிவந்தேனே, குட்டிப் பயணத்துக்கு எந்த வண்டி என்பதை உண்மையில் தீர்மானிப்பது இந்தச் சூடுதான்.

என் அக்கா வீட்டுக்காரர் பாளையங்கோட்டை சமாதானபுரத்திலிருந்து நெல்லை டவுனுக்கு தினமும் போய்வருகிறார். ஒரு வழிக்கு ஆறேழு கிலோமீட்டர். முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், பிறகு ஆற்றுப்பாலம். பாலம் இறங்கினால் ஜங்ஷன் நெரிசல், ஈரடுக்கு மேம்பாலம், டவுன். இருபத்தைந்து நிமிடத்தில் பாதி நேரம் வண்டி நின்றுகொண்டுதான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஷோரூமில், "டீசல் எடுங்க சார், மைலேஜ் அள்ளும்" என்றார்கள். எடுத்தார். தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தது முதல் டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைக்கும். பிடித்ததை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு அங்கே 600 டிகிரிச் சூடு வேண்டும், கால் மணி நேரம் போல நிற்காமல் ஓட வேண்டும். சிக்னலில் நிற்கும் டீசல் வண்டியின் புகை 200 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். நம் ஊர் வெயிலுக்கா இன்ஜின் சூடாகாது என்று கேட்பார்கள். சித்திரை வெயில் 40 டிகிரிதான், 600-க்கு அது எந்த மூலைக்கு? போதாததற்கு, சூட்டை வீணாக்காமல் உழைப்பாக மாற்றுவதால் டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட மெதுவாகத்தான் சூடேறும். அக்கா வீட்டுக்காரரின் வண்டி பதமான சூட்டுக்கு வருவதற்குள் டவுன் வந்துவிடுகிறது.

சூடு போதவில்லை என்று கண்டால் வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி வடிகட்டியைச் சூடேற்றப் பார்க்கும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நின்றுபோகும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கிறதே என்று அக்கா பல நாள் கேட்டிருக்கிறாள். காரணம் இதுதான்.

போன மாதம் அந்த வண்டியில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்ணாரப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பானட்டைத் தூக்கி, ஆயில் அளக்கும் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக நின்றது ஆயில்.

"ஆயில் கொறையும், பாத்திருக்கியோ. கூடிப் பாத்திருக்கியளா அண்ணாச்சி?" என்றார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து என்னிடம் நீட்டினார். ஆயிலுக்கு உரிய வழுவழுப்பே இல்லை, தண்ணீர் போல ஓடியது. முகர்ந்தால் பச்சை டீசல் வாடை. வடிகட்டியைச் சூடேற்றப் பீய்ச்சியதில் எரியாமல் தப்பிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. இந்த நீர்த்த ஆயிலை நம்பித்தான் டர்போவும் பேரிங்கும் சுழன்றிருக்கின்றன.

"தெனமும் எவ்வளவு தூரம் ஓட்டுதிய?"

சொன்னோம்.

"அப்ப ஆயில மாத்திட்டு, வாரம் ஒருக்கா நாங்குநேரி வரைக்கும் நாலு வழிச்சாலையில நிக்காம போயிட்டு வாங்க. இல்லன்னா வித்துட்டு பெட்ரோல் எடுங்க."

பணக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். மற்ற ஓட்டத்தையும் சேர்த்து நாளைக்கு 20 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 6,000 கிலோமீட்டர். ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் 400 லிட்டர்; லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 40,400 ரூபாய். டீசல் 19 கொடுத்தால் 316 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 29,400 ரூபாய். மிச்சம் வருடத்துக்கு 11,000. டீசல் காருக்கு 1.25 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், போட்ட பணத்தை எடுக்கவே பதினோரு வருடம் தாண்டும். வாராவாரம் நாங்குநேரிக்கு அறுபது கிலோமீட்டர் போய்வரும் செலவு இதில் இல்லை. அந்த ஆயில் மாற்றியதும் இல்லை. 2012-இல் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்ததே, அப்போது பலரை டீசல் பக்கம் இழுத்த கணக்கு வேறு.

பெட்ரோல் வண்டிக்கும் குட்டிப் பயணம் ஆகாதுதான். குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். ஆனால் அதன் புகை சீக்கிரமே சூடேறும். நச்சைப் பிரிக்கும் கருவியும் கிளம்பிய சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். நாங்குநேரிக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. பாளையிலிருந்து டவுனுக்கு மட்டும் போய்வருகிறவருக்கு நான் பெட்ரோலைத்தான் சொல்வேன். வாரம் இரண்டு முறை நாகர்கோவிலோ மதுரையோ போகிறவர் டீசலைத் தயங்காமல் எடுக்கலாம். அது பிறந்ததே அந்த ஓட்டத்துக்குத்தான்.

பழைய டீசல் கார் விஷயம் அடுத்த வாரம். அதற்குள் டீசல் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது குச்சியை உருவித் துடைத்து ஒருமுறை விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள்.