தள்ளுவண்டிக்குள் எவ்வளவு சூடு?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஏழு மாதமான என் மகள் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் முகத்தில் படக்கூடாது என்று வண்டியின் முன்பக்கத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடியிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, “தம்பி, உள்ளே கையை விட்டுப் பாருங்க” என்றார்.

விட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தது. மகளின் கழுத்து ஈரமாக இருந்தது, கன்னங்கள் சிவந்திருந்தன. உடனே துணியை எடுத்துவிட்டு, அருகிலிருந்த புளோக்கின் கீழ்த்தளத்திற்கு வண்டியைத் தள்ளிச் சென்றேன். விசிறிவிட்டுப் பால் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் பழையபடி சிரித்தாள். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டில் தம்பி, தங்கையையோ அக்கா குழந்தையையோ வெளியே தூக்கிச் செல்பவர்கள். நான் செய்த தவற்றுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறிய உடலின் கணக்கு

பெரிய பானையில் இருக்கும் கஞ்சியும் சிறிய கிண்ணத்தில் ஊற்றிய கஞ்சியும் ஒரே நேரத்திலா ஆறுகின்றன? கிண்ணத்துக் கஞ்சிதான் முதலில் ஆறும். அளவு குறைந்த பொருளுக்கு, அதன் எடையோடு ஒப்பிட்டால், மேற்பரப்பு அதிகம். வெப்பம் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வரும், வெளியே போகும்.

இதையே மனித உடலில் கணக்கிட்டுப் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் தோலின் பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர சென்டிமீட்டர். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது ஏறக்குறைய 16,500 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று வகுத்தால் குழந்தைக்கு சுமார் 670, பெரியவருக்கு 275. அதாவது குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். வளர வளர இந்த விகிதம் குறையும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டால், ஓய்வாக இருக்கும் குழந்தையின் உடல் பெரியவரின் உடலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். ஆனால் குழந்தையின் வியர்வைச் சுரப்பிகள் இன்னும் முழுத் திறனோடு வேலை செய்வதில்லை. சட்டையைக் கழற்றவோ, நிழலுக்கு நகரவோ, “தாகமாக இருக்கிறது” என்று சொல்லவோ அதற்குத் தெரியாது. அந்த வேலைகளை நாம்தான் செய்ய வேண்டும்.

துணி என்ன செய்கிறது?

துணி நிழல் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அது வெயிலை உறிஞ்சித் தானும் சூடாகிறது. அதைவிட முக்கியமானது, காற்று போய்வரும் வழியை அடைத்துவிடுகிறது. வகுப்பில் கன்வெக்‌ஷன் என்று படிக்கிறோமே, அந்த வெப்பச்சலனம் உள்ளே ஏறக்குறைய நின்றுபோகிறது. குழந்தையின் உடல் வெப்பமும், மூச்சிலும் தோலிலும் இருந்து வரும் ஈரமும் வண்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் கூடும்போது வியர்வை ஆவியாவதும் குறைகிறது. தோலில் 1 கிராம் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் வழிந்தோடும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கோடை வெயிலில் தள்ளுவண்டிகளை வைத்து அளந்து பார்த்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உலர்ந்த மஸ்லின் துணியால் மூடிய வண்டி, மூடாத வண்டியைவிட இரண்டரை பாகை செல்சியசுக்கும் சற்று அதிகமாகச் சூடானது. துணியை நனைத்து, சிறிய மின்விசிறியையும் பொருத்தியபோது வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை குறைந்தது. துணி அதேதான். ஈரமும் காற்றோட்டமும் சேர்ந்தபோது முடிவு தலைகீழாகிவிட்டது.

அப்படியென்றால் சிங்கப்பூரிலும் துணியை நனைத்துப் போட்டால் போதுமா? இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்திருந்தால், துணியிலிருந்து நீர் மெதுவாகத்தான் ஆவியாகும், குளிர்ச்சியும் குறையும். ஆகவே நனைத்த துணியாக இருந்தாலும் வண்டியை முழுவதும் மூடாதீர்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்கட்டும். துணி காயும்போது மறுபடியும் நனைக்க வேண்டும். வண்டியோடு வரும் மேற்கூரையும் மர நிழலும் கூரையிட்ட நடைபாதையும் துணியைவிட நல்லவை.

நிழல் தேடும்போது தரையையும் கவனியுங்கள். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் வெப்பத்தைக் கதிர்களாக வெளியிடுகின்றன. உங்கள் முகம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையோ அதில் பாதி உயரத்தில்கூட இல்லை. உங்களுக்குத் தாங்கக்கூடிய இடம் அதற்கும் தாங்கும் என்று எண்ணிவிட முடியாது.

வெளியே சூடு, உள்ளே குளிர்

2017 ஏப்ரல் முதல் சிங்கப்பூர்ப் பேருந்துகளில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் 32 பாகை வெயிலிலிருந்து குளிர்சாதனப் பேருந்துக்கோ, ரயிலுக்கோ, கடைத்தொகுதிக்கோ சில விநாடிகளில் நுழைந்துவிடுகிறோம்.

இப்போது அதே கணக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. எடைக்கு மிஞ்சிய தோல், வெப்பத்தை வேகமாக இழக்கிறது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தால் இழப்பு இன்னும் அதிகம். நமக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும். சிறு குழந்தைகளால் அப்படி நன்றாக நடுங்க முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அவை சூடு உண்டாக்குகின்றன. எனவே வெயிலில் எடுத்த போர்வையைக் குளிர்சாதன இடத்தில் போர்த்துங்கள். நனைந்த சட்டையை மாற்றுங்கள். வெளியே வந்ததும் போர்வையை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

குழந்தைக்குச் சூடா, குளிரா என்று எப்படி அறிவது? கையையும் காலையும் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவை பெரும்பாலும் சில்லென்றே இருக்கும். பின்கழுத்தையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமும் சூடும் இருந்தால் குழந்தைக்கு வெப்பம் அதிகம். முகம் சிவப்பது, சிணுங்குவது, பால் குடிக்க மறுப்பது, டயப்பர் வழக்கத்தைவிடக் குறைவாக நனைவது ஆகியவையும் எச்சரிக்கை. துவண்டுபோனாலோ எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ உடனே மருத்துவ உதவி தேவை. ஒன்றை மறவாதீர்கள்: ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்குத் தாகத்திற்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, பாலைத்தான் அடிக்கடி கொடுக்க வேண்டும். நிறுத்தி வைத்த காரில் ஒரு நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடக்கூடாது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய பயன் இல்லை.

புறப்படும் முன் வெப்ப அழுத்த அளவையும் பாருங்கள். 2023 ஜூலை முதல் சிங்கப்பூரில் இது குறித்த ஆலோசனை வெளியிடப்படுகிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. 31க்குக் கீழ் இருந்தால் குறைவு, 33 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம். 33 என்றால் காற்றின் வெப்பநிலை 33 பாகை என்று பொருள் அல்ல, அதைவிடக் கடுமையானது.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவுள்ள மூன்று காலணிப் பெட்டிகள், மூன்று வெப்பமானிகள், மெல்லிய பருத்தித் துணி இரண்டு.

பெட்டிகளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மேற்பக்கம் வண்டியின் கூரை, திறந்த பக்கம் வண்டியின் முன்புறம். வெப்பமானியை நடுவில், நேர் வெயில் படாதபடி வையுங்கள். முதல் பெட்டியைத் திறந்தே விடுங்கள். இரண்டாவதை உலர்ந்த துணியால் மூடுங்கள். மூன்றாவதை நனைத்துப் பிழிந்த துணியால் மூடுங்கள். மூன்றையும் ஒரே வெயிலில், ஒரே திசையைப் பார்த்தபடி வைத்து, 5 நிமிடத்திற்கு ஒருமுறை 30 நிமிடம் வரை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். பெட்டிக்குள் எந்த உயிரினத்தையும் வைக்காதீர்கள்.

தொடங்கும் முன்பே உங்கள் ஊகத்தை எழுதிவிடுங்கள். பிறகு காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள். நனைத்த துணி எப்போது அதிகம் உதவியது? அதற்கான காரணத்தைக் காற்றின் ஈரப்பதத்தில் தேடுங்கள்.

அந்தப் பாட்டியிடம் வெப்பமானி இல்லை. கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த முறை தம்பியையோ தங்கையையோ வெளியே கூட்டிப் போகும்போது நீங்களும் அதைச் செய்யுங்கள். அதுவும் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை.