பதினேழாம் நாள்

எங்கள் கரிசல் காட்டில் சாவு விழுந்த துட்டி வீட்டைத் தனியாக விடமாட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் எந்த ஊரை எடுத்தாலும் அப்படித்தான். சேதி கேட்டதும் காட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வருவார்கள். பந்தல் போடுவது, மேளத்துக்குச் சொல்லிவிடுவது எல்லாம் இளவட்டங்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். வருகிற பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கூர்ந்து கேட்டால், என்றைக்கோ பறிகொடுத்த தன் அண்ணனையும் தன் பிள்ளையையும் சேர்த்தே ஒவ்வொருத்தியும் அழுவது தெரியும். என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த அழுகைதான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். கொழுந்தனார், நாத்தனார் எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அது விதைப்பு நேரமாக இருந்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரி பூமி இது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும்.

ஆனால் அலைச்சல் எல்லாம் பதினேழாம் நாளுக்கு மேல்தான் வருகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். விசேஷம் முடிந்தபின் மிச்சம் இருப்பது ஐந்து நாள். ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தால் பதிவுக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்றால் நாம்தான் போக வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகராட்சியில் சுகாதாரப் பிரிவில். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் அலைய வேண்டும். தாலியைக் கழற்றிய பெண் மூலையை விட்டு எழக்கூடாது என்று இன்னும் சொல்கிற வீடுகள் உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான் என்பதை யாராவது தைரியமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதியும்போது பெயரைப் பாருங்கள். ஆதாரில் மாரிசாமி, பாஸ்புக்கில் மாரிச்சாமி, பட்டாவில் இன்னும் தாத்தா பெயர் என்று இருக்கும். அந்த ஒரு எழுத்து பின்னால் வாரிசுச் சான்றிதழில் வந்து நிற்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் கொடுப்பார். பட்டா மாற்றவும் பேங்கில் பணம் எடுக்கவும் அது வேண்டியிருக்கும். ஆதரவற்ற விதவை உதவித்தொகை இருப்பதையும் மறக்க வேண்டாம், 2023-இல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள்.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காகிதம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. அதனால் இப்படி மூலையில் உட்கார்ந்துவிட்ட பெண்களோடு கூடப் போகிறேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவரின் மனைவி ஒருத்தி. அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “அவரோட பாஸ்புக்க எடுத்துட்டு வா தாயி” என்றேன். வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்ததில், மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது.

“அது பேங்க்ல போடுற அபராதம்னுல்ல நெனச்சோம் பெரியம்மா” என்றாள்.

அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான வருஷத் தவணை. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. கணவன் கணக்கில் என்ன பிடித்தார்கள் என்று பார்க்காமலே எத்தனை வீட்டில் பாஸ்புக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

இப்படிக் கூடப் போவது புதிதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1960-களில் ஃபிலிஸ் சில்வர்மன் என்பவர் ஒரு ஏற்பாடு செய்தார். கணவனை இழந்து கொஞ்ச காலம் ஆன பெண், புதிதாக இழந்தவள் வீட்டுக்குப் போய்ப் பேசுவாள். அவ்வளவுதான் ஏற்பாடு. இங்கிலாந்தில் 1959-இல் மார்கரெட் டோரி தொடங்கிய குரூஸ் அமைப்பும் முதலில் விதவைகளுக்காக வந்ததுதான். நம் ஊரில் கணவனை இழந்தவளைத்தான் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்குகிறோம். பக்கத்தில் உட்கார அவளைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்?

பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள் பேச்சிலும் கவனமாக இருக்க வேண்டும். தானாக உயிரை மாய்த்துக்கொண்டவர் வீட்டுக்குப் போனால் எப்படி, ஏன் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்களே தங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பிள்ளைகளிடம் “அப்பா ஊருக்குப் போயிருக்காங்க” என்று சொல்லவே சொல்லாதீர்கள். வருவார் வருவார் என்று அதுகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அழுகை நல்லது. ஆனால் ஆறு மாதம் கடந்தும் துக்கத்தின் பிடியில் அன்றாடமே ஓடவில்லை, சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை என்றால் அதற்கு மருத்துவம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இப்படி நீடிக்கிற துக்கத்தைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. “செத்துடலாம்போல இருக்கு” என்று யாராவது சொன்னால் மட்டும் ஆறு மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள். 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். முதல் தடவை நாமே போட்டுக்கொடுத்துப் பக்கத்தில் இருந்தால், அடுத்த தடவை அவளே பேசிவிடுவாள்.