பாறை மண்ணாதலும் மண் கரைந்தோடுதலும்

செம்மண் புன்செய்க் காடுகளில் கிணறு வெட்டியவர்கள் பூமியின் அடுக்குகளை நேரே கண்டிருப்பார்கள். மேலே ஓரிரண்டு அடி மண்; அதன்கீழ்ச் சரளை; பின்பு கடப்பாரைக்கு உதிரும் பாறை; அதற்கும் கீழே வெடி வைத்தாலன்றிப் பிளவாத கரும்பாறை. மேட்டுநிலங்களில் இந்நான்கும் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களல்ல. அடியிலுள்ள பாறையே நெடுங்காலமாக மேலிருந்து கீழ்நோக்கிச் சிதைந்து இவ்வாறு ஆகியிருக்கின்றது.

பகல் வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பாறையில் வெடிப்புகள் காண்கின்றன. அவற்றில் வேர் புகுந்து பருக்கின்றது. கோபுரத்தில் முளைத்த அரசங்கன்று கருங்கல்லைப் பெயர்ப்பதை யாவரும் அறிவர். ஆயினும் நம் பிரதேசத்தில் முக்கியமான வேலையைச் செய்வது ஜலமே. மழைநீர் ஆகாயத்திலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு, வீரியங்குறைந்த திராவகமாகிப் பாறையினுள் ஊறுகின்றது. அங்குள்ள பெல்ஸ்பார் என்னும் தாது களியாக மாறுகின்றது. இரும்பு துருப்பிடித்துச் செந்நிறம் தருகின்றது. படிகக்கல் மட்டும் மாறாமல் மணலாகவும் வெள்ளைக்கல்லாகவும் மிஞ்சுகின்றது. பயிருக்கு வேண்டிய சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் இச்சிதைவினாலேயே விடுபடுகின்றன. ஓரங்குல மண் உண்டாகப் பல நூறு வருஷங்கள் செல்லும்.

பாறை சிதைவது இவ்விதம் குடியானவருக்கு லாபமே. நஷ்டம் அடுத்த படியில் நேருகின்றது. பெருமழையின் துளி வினாடிக்குச் சுமார் 30 அடி வேகத்தில் வெறுந்தரையில் மோதி, மண்கட்டியைத் தூளாக்கி, நிலத்தின் நுண்துவாரங்களை அடைத்துவிடுகின்றது. உள்ளே இறங்க வழியற்ற நீர் சரிவில் தகடுபோலப் பரந்து ஓடுகின்றது. அது முதலில் கொண்டுபோவது நுண்ணிய களியையும் மக்கிய தழையையுமே. அதாவது, நிலத்தின் சாரத்தை. ஓடையாக அறுத்த பள்ளம் எவர் கண்ணுக்கும் தெரியும், இவ்வரிப்போ தெரிவதில்லை. காட்டில் வருஷாவருஷம் கல் வளர்கின்றது என்று சொல்வாருண்டு. கல் வளரவில்லை, அதைச் சுற்றியிருந்த மண் போய்விட்டது.

எவ்வளவு போகின்றது? இந்திய நிலங்களில் வருஷத்துக்கு ஹெக்டேர் ஒன்றுக்குச் சராசரி 16 டன்னுக்குச் சற்று மேற்பட்ட மண் அரிக்கப்படுவதாக 1983-ஆம் வருஷத்தில் மதிப்பிட்டார்கள். ஏக்கருக்கு ஆறரை டன் ஆகின்றது. ஓர் ஏக்கரில் ஓரங்குல கனமுள்ள மண் ஏறக்குறைய 140 டன் எடையிருக்கும். ஆகவே இக்கணக்குப்படி, தகப்பன் உழுத நிலம் மகன் கைக்கு வரும்போது ஓரங்குலம் குறைந்திருக்கும்.

அரிப்பெல்லாம் தீமையென்பதற்கில்லை. தஞ்சை டெல்டாவே காவேரி சுமந்துவந்த மேட்டுநிலத்து மண்ணால் ஆனது. ஆனால் மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபின் அவ்வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தில் தங்கி, கொள்ளளவைக் குறைக்கின்றது. மேட்டார் இழந்ததைப் பள்ளத்தார் பெறுவதும் இப்போது அரிது.

சரிவுக்குக் குறுக்கே உழுவது செலவில்லாத முதல் காரியம். அடுத்தது, ரசமட்டம் பிடித்துச் சமமட்டமாக வரப்பிடுதல். கண்மதிப்பில் போட்ட வரப்பு தாழ்ந்த இடத்தில் உடைத்துக்கொண்டு, இல்லாதிருந்த பள்ளத்தையும் புதிதாக உண்டாக்கும். வரப்பில் வெட்டிவேர் நட்டால் மண் பிடிப்புண்டு. மிகுநீர் வெளியேறக் கல் பாவிய போக்கு ஒன்று அவசியம். அப்போக்கு யாருடைய நிலத்தில் விழுவது என்பதிலேதான் மேட்டுக்காட்டாருக்கும் பள்ளக்காட்டாருக்கும் வழக்கு எழுகின்றது. கிராம அதிகாரிகள் இதை ஐப்பசி மழைக்கு முன்பே, சித்திரை வைகாசியில் நிலம் காய்ந்திருக்கையில், இருதரத்தாரையும் வைத்துக்கொண்டு நேரில் பார்த்து முடிவு செய்வது நலம். ஏரிகளும் அப்போதுதான் வற்றியிருக்கும். அனுமதி பெற்று அள்ளும் வண்டலை மணற்பாங்கான நிலங்களுக்கு அடித்துக்கொள்ளலாம்.