கோடிக்கரையின் படகுக்காரி

சரித்திர நவீனங்களின் நாயகி என்றதும், அந்தப்புரத்துச் சாளரத்தருகே நின்று, போர்க்களம் சென்ற காதலனை எண்ணிப் பெருமூச்செறியும் ராஜகுமாரியையே எதிர்பார்த்துப் பழகியிருந்த வாசகருக்கு, 1950-ஆம் ஆண்டில் 'கல்கி' பத்திரிகையில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில், கலங்கரை விளக்கக் காவலரின் மகளான பூங்குழலி தன்னந்தனியே கடலில் படகு வலித்து வந்த காட்சி எத்தகைய புத்துணர்ச்சியை அளித்திருக்கும்!

வாள்வீச்சிலும் வாய்ச் சாமர்த்தியத்திலும் எவருக்கும் சளைக்காத வந்தியத்தேவன், கோடிக்கரைச் சதுப்பில் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் அகப்பட்டுக்கொள்ள, துரத்தப்பட்ட அப்பெண்ணே திரும்பி வந்து அவனைக் கரையேற்றுகிறாள். அந்த நிலத்தில் எங்கே காலை ஊன்றலாம் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவளுடைய தைரியம் ஆசிரியர் வலிந்து சூட்டிய ஆபரணமன்று. நித்தம் செய்யும் தொழிலிலே விளைந்த ஞானம். பின்னர் அவனை இலங்கைக்கு அழைத்துச் செல்வதும், சுரத்தால் நினைவிழந்த சோழ இளவரசரைக் கால்வாய் வழியே நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தில் சேர்ப்பதும் அந்த ஞானத்தைக் கொண்டுதான். கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டால் வீராங்கனை ஆகிவிடுவாள் என்று எண்ணும் கதாசிரியர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இளவரசர்மீது அவள் கொண்ட பிரேமை நிறைவேறவில்லை. ஆயினும் அதனால் அவள் நம் கண்ணில் அணுவளவும் சிறுத்துப் போவதில்லை.

பூங்குழலி கற்பனை, அதே நவீனத்தில் வரும் சோழ இளவரசி குந்தவைப் பிராட்டியோ சரித்திரம். தஞ்சைப் பெரிய கோயிலில் தம் தாய் தந்தையரின் திருவுருவங்களை எழுந்தருளுவித்து, பொன்னும் அணிகளும் அவர் வழங்கிய செய்தி, அவர் பெயராலேயே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வந்தியத்தேவரின் தேவியார் என்பதும் அங்கிருந்தே நமக்குத் தெரிகிறது. கல்வெட்டு மௌனமாக விட்ட இடங்களைத்தான், ராஜ்யத்தின் சூத்திரங்களைப் பழையாறையில் இருந்தபடியே இயக்கும் இளையபிராட்டியாக அவரைப் படைத்து ஆசிரியர் கல்கி நிரப்பினார்.

அத்தொடரை வாரந்தோறும் வழிமேல் விழிவைத்துப் படித்த பெண்களின் நிலையை எண்ணிப் பார்த்தால், அந்த ஆகர்ஷணத்தின் காரணம் விளங்கும். கணவன் விட்டுச் சென்ற சொத்தில் ஹிந்து விதவைக்கு ஆயுட்கால அனுபோகம் மட்டுமே அக்காலச் சட்டம் அளித்தது. பூரண உரிமை கிடைத்தது 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தால்தான். தன் பொன்னைத் தன் சித்தப்படி வழங்கும் பெண்ணையும், தன் படகைத் தான் நினைத்த திசையில் செலுத்தும் பெண்ணையும், அவர்கள் அதற்கு முன்பே அந்தப் பக்கங்களில் சந்தித்துவிட்டார்கள்.