கடிக்கும் கிளிக்கு வேறு வீடு

மதுரை வட்டாரத்தில் கிளி வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். அம்மை மீனாட்சியே கையில் கிளி ஏந்தி நிற்கும் ஊரில் அது வியப்பன்று. பொற்றாமரைக் குளத்தையடுத்த கிளிக்கூட்டு மண்டபத்தில் முன்பு கூண்டுகளில் கிளிகளும் இருந்தன. இன்று மண்டபத்துக்குப் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆதலால், வீட்டில் அடங்காத கிளியைக் கோயிலில் விட்டுவிடலாம் என்று பெரியோர் கூறும் யோசனை இக்காலத்துக்குப் பொருந்தாது.

கிளி ஏன் கடிக்கிறது? மிளகாய் தின்பதால் கோபம் மிகுகிறது என்பர். பறவைகளுக்குக் காரம் உறைப்பதே இல்லை. பழி வீணாக மிளகாயின்மேல் விழுகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் வளர்வது செந்தார்ப் பைங்கிளி. ஆண் கிளிக்கு ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில் கழுத்தில் செந்நிற வளையம் தோன்றும். பருவம் எய்திய கிளி, தை மாதம் முதல் பங்குனி வரையில் மரப்பொந்தைத் தேடிக் காவல் காக்கும் இயல்புடையது. கூண்டில் பிறந்து வளர்ந்ததற்குக் கூண்டே பொந்து; சோறூட்டும் ஒருவரே துணை; மற்றவரெல்லாம் பகைவர். சிறகை வெட்டிவிட்டாலோ, அஞ்சியபோது பறந்து விலக வழியில்லை. மூக்கு ஒன்றுதான் மிச்சம். அந்த மூக்கிலேயே தட்டித் திருத்த முயல்வோரும் உளர். அதனால் அச்சம் வளருமேயன்றிக் கடி குறையாது.

எங்கள் டி. கல்லுப்பட்டியில் ஒரு வீட்டுக் கிளி, பாட்டியின் தோளில் மட்டும் சாதுவாக அமரும். அண்மையில் பேரனின் உதட்டைக் கிழித்துவிட்டது. உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கூடாது என்றேன். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இக்கிளி இரண்டாம் பட்டியலில் உள்ளது. விற்பது மட்டுமன்று, வளர்ப்பதும் கைமாற்றுவதும் குற்றம். 2025ஆம் ஆண்டில் மதுரை வனத்துறையினர், வீட்டில் வளர்க்கும் கிளிகளைத் தாமே கொண்டுவந்து ஒப்படைக்குமாறு அறிவித்ததும் இதனாலேயே. சட்டம் ஒருபுறமிருக்க, உறவினர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்குமே!

கூண்டைத் திறந்துவிடலாம் என்றார் மற்றொருவர். கேட்க இனிமையாக இருக்கிறது. இரை தேடவும் வல்லூற்றைக் கண்டு ஒளியவும் அறியாத கிளி, காக்கைகளுக்கு நடுவே எத்தனை நாள் பிழைக்கும்? மேலும், அது மனிதரை நாடியே வரும், வந்து கடிக்கும்.

ஆகவே வனத்துறையே தக்க இடம். ஒப்படைக்கும் கிளிக்கு வேண்டுவது, தன்னினத்தோடு பழகுவதற்கும் சிறகடிப்பதற்கும் போதிய பெரிய அடைப்பு. வெட்டிய இறகு உடனே வளராது. பழைய இறகு உதிர்ந்த பின்னரே புதியது முளைக்கும். பறக்கத் தேறியது காட்டுக்குப் போகலாம். தேறாதது அடைப்பிலேயே வாழலாம்.

போய்ப் பார்த்துவரலாமா என்று பாட்டி கேட்டார். தம் குரலைக் கேட்டால் அது மற்றக் கிளிகளை விட்டுக் கம்பியோரம் வந்து நிற்கும், அது பழகும் வரையில் போகவேண்டா என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கொண்டுசெல்வோர் வெயிலுக்கு முன் புறப்படுக. கூண்டின்மேல் மெல்லிய துணியைப் போர்த்தினால் பதற்றம் தணியும். கிளியின் வயது, உண்ணும் உணவு, யாரைக் கடித்தது, எப்போது கடித்தது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடித்த செய்தியை மட்டும் மறைக்கவேண்டா. அடுத்து அதற்கு உணவு வைக்கப்போகும் ஊழியருக்கும் விரல்கள் உண்டு.